அரசுக்குக் கொள்கை ஆலோசனை சொல்லும் பொருளியலாளரின் வேலை எப்படிப்பட்டது?

இராமநாதபுரத்தில் இளங்கலைப் பொருளியல் படித்து வரும் நீங்கள், அரசுக்குப் பொதுக்கொள்கை ஆலோசனை வழங்கும் பொருளியலாளர் அன்றாடம் என்னதான் செய்கிறார் என்றும், அந்த இடத்துக்கு எந்த வழியாகப் போகலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மண்டபம் என்ற ஊருக்கு அருகே ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள். பதினான்கு ஆண்டுகளாக அரசுத் துறைகளுக்கு ஆய்வறிக்கை எழுதித் தரும் பணியில் இருக்கிறேன். ஆகவே நம் கரையை வைத்தே பதில் சொல்கிறேன்.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகலைப் பொருளியல் இல்லாமல் இந்தத் துறைக்குள் நுழைவது கடினம். அதன் பிறகு, 1961-இல் உருவாக்கப்பட்ட இந்தியப் பொருளாதாரப் பணிக்கு மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வை 21 முதல் 30 வயதுக்குள் எழுதலாம். எழுத்துத் தேர்வுக்கு 1,000 மதிப்பெண், நேர்முகத்துக்கு 200. விடைகளை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதால், தமிழ்வழியில் படித்தவர்கள் அதற்கான பயிற்சியை இப்போதே தொடங்குவது நல்லது. மாநில அளவில் பணியாற்ற விரும்பினால் மாநிலத் திட்டக் குழு, மால்கம் ஆதிசேஷையா 1971-இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் போன்ற இடங்கள் இருக்கின்றன. நான் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து படிப்படியாக வந்தவள்.

நீங்கள் முக்கியமாகக் கேட்டிருப்பது வேலையின் தன்மையைப் பற்றி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வட்டி, பணவீக்கம், வரவு செலவுத் திட்டம் பற்றிய வேலையாகத் தெரியும். என் அனுபவத்தில் இதன் பெரும் பகுதி, எதை எண்ணுவது, யாரை எண்ணுவது, எப்போது எண்ணுவது என்று முடிவு செய்வதுதான். அங்கே பிழை நேர்ந்தால், பின்னால் போடும் கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் பயனில்லை.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், கடலோரக் குடும்பங்களின் வருமானத்தை மதிப்பிடும் ஒரு கணக்கெடுப்பில் வேலை செய்தேன். படிவத்தில் 'முதன்மைத் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. நிரப்பி வந்த படிவங்களைப் புரட்டியபோது, எங்கள் பகுதிப் பெண்களில் பெரும்பாலோர் 'இல்லத்தரசி' என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன். என் அம்மா முப்பது ஆண்டுகள் பாசி எடுத்தவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி மூழ்கி, தீவுகளின் ஓரத்துப் பாறைகளிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பறித்து வந்துதான் எங்களைப் படிக்க வைத்தார். அவருடைய உழைப்புக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே போவதைக் கட்டுப்படுத்தினால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்று ஒரு துறை கேட்கும்போது, படகு உள்ளவரின் இழப்பை மட்டும் கூட்டிச் சொல்லிவிட்டால், கடலுக்குள் இறங்கும் பெண்ணின் இழப்பு சுழியம் என்று அரசிடம் சொன்னதாகிவிடும். அந்தப் பிழையை நான் எழுத்தில் சுட்டிக்காட்டியும் அந்த ஆண்டு அறிக்கை அப்படியேதான் போனது. அது இன்றும் என்னை வருத்துகிறது.

அதே கணக்கெடுப்பில் 'மாத வருமானம்' என்ற கேள்வியும் இருந்தது. பாம்பனில் ஒரு அக்கா என்னிடம், "மாசம் எவ்வளவுன்னு கேட்டா நான் என்னத்தம்மா சொல்ல, கடலு மாசக் கணக்கா பாக்குது?" என்று கேட்டார். வல்லம் என்னும் நாட்டுப்படகில் போகிறவர்களுக்கு டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்த பிறகு பங்குதான் கிடைக்கும். ஆகவே கடலுக்குப் போய்வரும் ஒவ்வொரு போக்குக்கும் தனித்தனியாகக் கேட்டால்தான் உண்மையான தொகை வரும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமுள்ள வடகடல் அமைதியாக இருக்கும், வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் மன்னார் வளைகுடாவான தென்கடலுக்கு மாற வேண்டியிருக்கும். ஆண்டில் ஒரு முறை மட்டும் போய்க் கேட்பவருக்கு இதில் பாதி தெரியாது. எங்கள் குழுவோ மே மாதத்தில் போனது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்கும் என்பதால் விசைப்படகில் வேலை செய்யும் இளைஞர்கள் பலர் கேரளத்துக்குப் போயிருந்தார்கள். வெளியே போனவர்களையும் அவர்கள் சம்பாதிப்பதையும் சேர்க்காமல், வீட்டிலிருந்த பெரியவர்கள் சொன்ன எண்களை மட்டும் வைத்து, அந்த ஊர்களில் வேலையற்றோர் குறைவு என்றும் வருமானமும் குறைவு என்றும் ஒரே அறிக்கையில் எழுதினோம். தடைக்கால நிவாரணமான ரூ.8,000 போதுமா என்று இன்று யாராவது கேட்டால், இந்த இடப்பெயர்வைக் கணக்கில் கொள்ளாமல் நான் பதில் சொல்ல மாட்டேன்.

திட்டத்தை வடிவமைக்கும் இடத்தில் பொருளியலாளருக்கு இன்னும் பெரிய பொறுப்பு இருக்கிறது. பாக் நீரிணையில் இழுவைப் படகுகளைக் குறைப்பதற்காக 2017-இல் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் இராமேசுவரத்தில் தொடங்கப்பட்டது. சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகு ஒன்றின் விலை அப்போது ரூ.80 லட்சம், அதில் பாதியை ஒன்றிய அரசும் 20 விழுக்காட்டை மாநில அரசும் தரும், 20 விழுக்காடு வங்கிக் கடன், 10 விழுக்காடு மீனவரின் பணம் என்பது ஏற்பாடு. மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்பது இலக்காக இருந்தது. நடந்தது அதற்கு வெகு கீழே. மானியத்தின் அளவை மட்டும் பார்த்தால் இதை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள் என்றே தோன்றும். ஆனால் ஒரு நாள் போய் மறுநாள் கரை திரும்பிப் பழகியவர் வாரக்கணக்கில் கடலில் தங்க வேண்டும், வலையை விட்டுத் தூண்டிலுக்கு மாற வேண்டும், ஒவ்வொரு பயணத்துக்கும் டீசலுக்கும் ஐஸுக்கும் பெருந்தொகையை முன்கூட்டியே புரட்ட வேண்டும். படகின் விலைக்கு மானியம் இருந்தது. ஓட்டும் செலவுக்கும் பழகும் காலத்துக்கும் போதிய ஏற்பாடு இல்லை. நோக்கம் சரியானது என்றே இன்றும் நம்புகிறேன். அதனால்தான் அந்த இடைவெளியை முன்பே கணக்கிட்டுச் சொல்லியிருக்க வேண்டியது எங்களைப் போன்றவர்களின் கடமை என்று நினைக்கிறேன்.

இறுதி முடிவு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுடையது. நாம் ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவையும், யாருக்கு என்ன கிடைக்கும், யார் எதை இழப்பார் என்பதையும் அவர்கள் முன் தெளிவாக வைக்கிறோம். இருநூறு பக்க அறிக்கையை விட, செயலாளரின் மேசைக்குப் போகும் இரண்டு பக்கக் குறிப்புதான் பெரும்பாலும் படிக்கப்படுகிறது. அந்த இரண்டு பக்கத்தை எழுதக் கற்றுக்கொள்ள எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 'இந்தியப் பொருளியல்' பாடத்துக்கு முதல் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். அந்த ஊர்களில் ஒன்று அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து வடமலாபுரம். நீங்களும் அதே போலத் தொடங்கலாம். தெரிந்த ஒருவரின் நாட்டுப்படகைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு போக்கிலும் என்ன செலவு, என்ன மீன், ஏலத்தில் என்ன விலை, யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த வீட்டுப் பெண்கள் சம்பாதிப்பதற்கு எதிர்ப்பக்கத்தில் தனியாக ஒரு கட்டம் போடுங்கள். வாடைக்காற்று திரும்பித் தொழில் தென்கடலுக்கு மாறும்வரை அதை விடாமல் எழுதி வாருங்கள்.