முதல் மாதம் கம்போஸ் பக்கமே போகாதீர்கள்

தென்னாப்பிரிக்காவுக்கு, இந்த டர்பன் ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, பக்கத்துக் கோயிலில் திருப்பணி செய்யும் ஸ்தபதிகளுக்கும் மடப்பள்ளி ஆட்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலமும் மெயில் போடவும் சொல்லித்தரக் கேட்கிறார்கள், ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த பழக்கம்தான் உண்டு, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கா என்று உரிமையோடு எழுதியதால் நானும் நேராகவே சொல்கிறேன். லீவ் லெட்டரில் ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று போர்டில் எழுதிப்போட்டு நாலு வாரம் ஓட்டினேன். ஐந்தாவது வாரம் பாதிப் பேர் வரவில்லை.

முதல் நாள் ஆங்கிலமே வேண்டாம். எல்லோர் போனிலும் ஜிமெயில் இருக்கும். ஆனால் அதைத் திறந்து கொடுத்தவன் ஊரில் போன் விற்ற கடைப்பையன். பாஸ்வேர்டு என்ன என்று கேட்டால் போன் பூட்டைத் திறக்கும் நாலு எண்ணைச் சொல்வார்கள். போதாக்குறைக்கு, கணக்கில் பதிந்திருப்பது இந்திய எண். இங்கே இறங்கியதும் அந்த சிம்மைக் கழற்றிப் பர்சில் போட்டுவிடுவார்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அந்த எண்ணே கைவிட்டுப் போய்விடும். அப்புறம் போன் தொலைந்தால் ஓடிபி எங்கே வரும்? ஆகவே 27 என்று தொடங்கும் இங்கத்திய எண்ணைக் கணக்கில் சேர்க்க வையுங்கள். இரண்டு மணி நேரம் அதற்கே போகும், போகட்டும்.

அடுத்தது ரிப்ளை. புது மெயில் எழுதும் ‘கம்போஸ்’ பட்டனை அமுக்கி, வெற்றுத் திரையைக் காட்டி எழுது என்றால், கருங்கல்லைச் சிலையாக்கும் ஆளுக்கும் கை நடுங்குகிறது. வந்த மெயிலுக்குப் பதில் என்றால் முகவரி இருக்கிறது, சப்ஜெக்ட் இருக்கிறது, வேண்டிய ஆங்கில வார்த்தையும் பெரும்பாலும் அதிலேயே கிடக்கிறது. அவரவருக்கு வந்த மெயிலையே பாடமாக வையுங்கள். தேதி என்ன, தொகை என்ன, நம்மிடம் கேட்பது என்ன என்று மூன்றை மட்டும் தேடச் சொல்லுங்கள். கூகுளில் மொழிபெயர்த்துப் பார்த்தால் தடுக்காதீர்கள், நாமும் அதைத்தானே செய்கிறோம்.

இன்பாக்ஸில் கிடப்பது தனக்கு வந்த மெயில்தான் என்று புரிவதே சிலருக்குச் சிரமம். ஒரு ஸ்தபதிக்கு விசா விஷயமாக, பாஸ்போர்ட் நகல் கேட்டு மெயில் வந்திருந்தது. பதினோரு நாள் அவர் அதைத் திறக்கவே இல்லை. ஏன் என்றேன். “எங்கப்பா பேருக்கு வந்திருக்கு அக்கா, அவர் போய் ஆறு வருஷம் ஆச்சே” என்றார். நமக்கு அது இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதுவே சர்நேம் ஆகி, ‘டியர் மிஸ்டர்’ என்பதற்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. அந்தக் காலத்திலிருந்து இங்கே வேரூன்றியவர்களுக்குக் கவுண்டர் கோவெண்டராகவும், முதலியார் மூட்லியாகவும் குடும்பப் பெயராகி நிலைத்துவிட்டது. அவர்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. நம் ஆட்களுக்கு, உன் அப்பா பெயரைப் பார்த்தால் உடனே திற என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

‘அட் த ரேட்’ கதை இன்னும் வேடிக்கை. ஊரில் நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், இங்கே வெறும் ‘அட்’. ஒரு சமையல்கார அண்ணன் போனில் மெயில் ஐடி சொல்ல, எதிர்முனைப் பெண் ‘த ரேட்’ என்பதையும் சேர்த்து எழுத்துக் கூட்டி அடித்துவிட்டாள். சம்பளச் சீட்டு மூன்று மாதம் அண்ணனுக்கு வரவே இல்லை. அன்றிலிருந்து என் வகுப்பில் இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் ஐடியைச் சொல்ல மற்றவர் எழுதவேண்டும். ஜிமெயிலில் நடுவில் வரும் புள்ளியை விட்டாலும் ஒன்றுதான், ஆனால் ஓர் எழுத்து மாறினால் போச்சு.

ஆங்கிலம் என்று பார்த்தால் திருத்தவேண்டியது கொஞ்சம்தான். சந்தேகம் கேட்க ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று எழுதினால், உங்கள் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதுபோல் படும். ‘கொஸ்டின்’ என்று போடச் சொல்லுங்கள். ஆவன செய்யுங்கள் என்று நாம் எழுதும் ‘டூ த நீட்ஃபுல்’ இங்கே பலருக்குப் புரிவதில்லை. அப்புறம் ‘ஜஸ்ட் நவ்’. ஜஸ்ட் நவ் அனுப்புகிறேன் என்று பதில் வந்தால் நம் ஆள் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இந்த நாட்டில் அதற்கு அர்த்தம், இன்றைக்குள் எப்போதாவது, அல்லது நாளைக்கு. நானே வந்த புதிதில் ஒரு குழாய் ரிப்பேர்க்காரருக்காக மாலைவரை வாசலில் நின்றிருக்கிறேன்.

வரிப்பணம் திரும்ப வருகிறது, லிங்கை அமுக்கு என்று வரும் போலி மெயில்களை வகுப்பிலேயே பெரிதாகக் காட்டிவிடுங்கள். பணமோ ஓடிபியோ கேட்டால் உங்களிடம் காட்டாமல் தொடக்கூடாது.

வந்தவர்கள் கொடுத்த பழைய மெயில்களில் பெயரையும் எண்ணையும் கறுப்படித்து, ஒரு நாற்பதை பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். சாட்ஸ்வொர்த் பக்கம் வந்தால் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மத்தியானம் இருப்பேன்.