குட்டித் தீவு நாட்டு அமைச்சரால் உலக அரங்கில் என்ன செய்துவிட முடியும்?

“பசிபிக் தீவு நாடுகளின் அரசியல்வாதிகள் ஐ.நா.வில் பேசுவதோடு சரி, அவர்களால் எதையாவது மாற்ற முடிந்திருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். முடிந்திருக்கிறது. எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் மார்ஷல் தீவுகளின் வெளியுறவு அமைச்சராக இருந்த டோனி டிப்ரம்.

1954 மார்ச் 1, விடியற்காலை. ஒன்பது வயதுச் சிறுவன் லிக்கியெப் தீவில் தாத்தாவோடு மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான். வலை வீசுவது தாத்தா. திடீரென்று கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் வானம், கடல், மீன், தாத்தாவின் வலை எல்லாமே சிவந்துபோயின. கண்ணாடிக் கிண்ணத்துக்குள் நம்மை வைத்து மேலே ரத்தத்தை ஊற்றியது போல இருந்தது என்று பிற்பாடு பல மேடைகளில் டிப்ரம் சொல்லியிருக்கிறார். பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு அது. ஹிரோஷிமா குண்டைப்போல ஆயிரம் மடங்கு. 1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா நடத்தியது மொத்தம் 67 அணுகுண்டுச் சோதனைகள்.

அந்தப் பையன்தான் வளர்ந்து, 1979இல் சொந்த அரசியலமைப்பு வந்தபோது வெளியுறவு அமைச்சரானார். அதுவரை அமெரிக்காவின் பொறுப்பில் இருந்த நாட்டுக்கு, அமெரிக்காவோடு ஒப்பந்தம் பேசி 1986இல் விடுதலை பெற்றுத் தந்தவர்களில் ஒருவர். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் அணுச் சோதனைக்கான இழப்பீட்டு நிதி 15 கோடி டாலர்தான். பாதிப்பின் முழு அளவைக் காட்டும் ஆவணங்கள் 1990களில்தான் வெளியே வந்தன. தெரிய வேண்டியதை மறைத்துவிட்டுத்தான் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்று கடைசிவரை வாதாடினார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இங்கேதான். தான் பேசி முடித்த ஒப்பந்தம் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்ல எத்தனை அரசியல்வாதிகளுக்கு மனசு வரும்?

2014 ஏப்ரலில் அவர் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகள்மேலும் மார்ஷல் தீவுகள் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஆமாம், இந்தியா மேலும்தான். படித்தபோது இந்தியனாக எனக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம் மனுவில் கேட்டது என்னவென்று பார்த்தேன். இழப்பீடாக ஒரு காசும் கேட்கவில்லை. ஆயுதக் குறைப்பு பற்றி நேர்மையாகப் பேச உட்காருங்கள் என்பதுதான் கோரிக்கை. அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை முன்கூட்டியே ஏற்றிருந்த இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகள்மேல் மட்டுமே வழக்கு நகர்ந்தது. 2016 அக்டோபரில் அதையும் விசாரணைக்கே எடுக்காமல் தள்ளிவிட்டார்கள். பிரிட்டன் வழக்கில் நீதிபதிகள் எட்டுக்கு எட்டு என்று பிரிந்து, தலைவரின் கூடுதல் வாக்கில்தான் முடிவானது.

அவர் ஜெயித்த இடம் பாரிஸில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாடு. சராசரியாகக் கடலுக்கு மேலே இரண்டு மீட்டர் உயரமே உள்ள நாட்டுக்கு, புவி வெப்பம் 2 டிகிரிவரை ஏறலாம் என்ற கணக்கு ஒத்துவராது. அதனால் 2015இல் பல நாட்டு அமைச்சர்களைச் சத்தமில்லாமல் கூட்டிப் பேசி, ஒரு கூட்டணி கட்டினார். முதலில் ஐரோப்பிய நாடுகள், ஆப்பிரிக்க நாடுகள், பிறகு அமெரிக்கா, கடைசி நேரத்தில் பிரேசில். இந்தியாவும் சீனாவும் சேரவில்லை. கடைசி நாள் அவர்கள் ஒன்றாக அரங்கத்துக்குள் நடந்து வந்தபோது சட்டையில் தென்னை ஓலைத் துண்டு குத்தியிருந்தார்கள். வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல வேண்டும் என்ற வரி பாரிஸ் ஒப்பந்தத்தில் ஏறியது.

இத்தனைக்கும் அதற்கு முந்தைய மாதம்தான் சொந்த நாட்டுத் தேர்தலில் தோற்றிருந்தார். பதவி இன்னும் சில வாரம்தான் என்று தெரிந்தே பாரிஸில் ராத்திரி பகலாக உட்கார்ந்து பேசியிருக்கிறார். ஒப்பந்தம் நிறைவேறியதும், தனக்குக் கிடைத்த பேச்சு நேரத்தைத் தன் நாட்டைச் சேர்ந்த 18 வயதுப் பெண்ணுக்குக் கொடுத்தார். 2017 ஆகஸ்டில், 72 வயதில், தன் நாட்டுத் தலைநகர் மஜூரோவில் இறந்துபோனார்.