வாசலை மறிக்கும் எதிர் வீட்டுக் கார்: சட்டம் எதுவரை துணை வரும்?

கேள்வி: சென்னை நங்கநல்லூரில், இருபது அடித் தெருவில் எங்களுக்குச் சொந்த வீடு. எதிர் வீட்டுக்காரரிடம் இரண்டு கார்கள். ஒன்றை உள்ளே நிறுத்துகிறார். மற்றொன்றை ஓராண்டாக எங்கள் மதிலை ஒட்டி நிறுத்துகிறார். பல நாள்களில் எங்கள் வாசலில் பாதி மறைந்துவிடுகிறது. மாமனாரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் காலை வேளைகளில் அவர் வீட்டு மணியை அடித்து, அவர் குளித்து முடித்து வரும்வரை நிற்க வேண்டியிருக்கிறது. கேட்டால், "ரோடு என்ன உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்கிறார். பூந்தொட்டிகளும் 'நோ பார்க்கிங்' பலகையும் வைத்தோம். தொட்டி ஒன்றை உடைத்துவிட்டார். போலீஸில் புகார் கொடுக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: கொடுக்கலாம் அம்மா. ஆனால் எதைப் பற்றிக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, வாசலை மறிப்பது. மற்றொன்று, மதிலோரம் நிறுத்துவது. முதலாவதில் சட்டம் முழுக்க உங்கள் பக்கம் நிற்கிறது. இரண்டாவதில் கிட்டத்தட்ட அவர் பக்கம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், காவல் நிலையத்தில் இரண்டாவதைக் காட்டி முதலாவதையும் தள்ளிவிடுவார்கள்.

உங்கள் பத்திரத்தில் உள்ள நிலம் மதிலோடு முடிந்துவிடுகிறது. அதற்கு வெளியே இருப்பது பொதுத் தெரு, மாநகராட்சியின் பொறுப்பு. சொத்து வரி கட்டுகிறோம் என்பதால் வீட்டுக்கு முன்னால் உள்ள சாலைத்துண்டு நம்முடையதாகிவிடாது. அந்த அளவில் எதிர் வீட்டுக்காரர் சொல்வது சரி, சொன்ன விதம்தான் சரியில்லை. ஆனால் சாலையை ஒட்டிய நிலத்துக்காரருக்குத் தன் இடத்திலிருந்து சாலைக்கு இறங்கவும் ஏறவும் தடையற்ற உரிமை உண்டு. இதை நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டு வருகின்றன. மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் ஒரு கட்டடத்தின் வாயிலை மறித்து வண்டி நிறுத்துவதைத் தடை செய்கின்றன. பாதி மறைத்தாலும் மறைத்ததுதான். "சின்ன வண்டி போக இடம் இருக்கிறதே" என்ற பேச்சு செல்லாது.

இனி அந்தப் பூந்தொட்டிகள். இன்றே உள்ளே எடுத்து வையுங்கள். சாலையில் தொட்டி, கல், மணல் மூட்டை, சங்கிலி வைப்பதும், தாமாகவே 'நோ பார்க்கிங்' பலகை நடுவதும் சென்னையில் பெரிய வழக்கமாகிவிட்டது. 2024-இல் இது பொதுநல வழக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அனுமதியின்றி வைத்தவற்றை அகற்றுவோம் என்று போக்குவரத்துக் காவல்துறையும் அறிவித்தது. சாலையில் நிறுத்தக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் காவல்துறைக்கும் உள்ளாட்சிக்கும்தான் உண்டு. உங்கள் கேட்டின் மீது "வண்டிகள் வெளியே வரும் வாசல், மறிக்க வேண்டாம்" என்று எழுதி மாட்டுவது வேறு, அதில் தவறில்லை. தொட்டியை உடைத்தது சொத்துச் சேதம் என்ற குற்றத்தில் வரும்தான். ஆனால் புகாரில் அதை எழுதினால், தொட்டி சாலையில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதே முதல் கேள்வியாக வரும். விட்டுவிடுங்கள்.

கார் ஏற நீங்கள் போட்டிருக்கும் சாய்தளம் சாலைக்குள் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். இரண்டு அடி நீட்டிச் சிமெண்டு பூசியிருந்தால் அதுவும் ஆக்கிரமிப்புதான். புகார் கொடுத்த மறுநாளே எதிர் வீட்டுக்காரர் அதைப் படம் பிடித்து மாநகராட்சிக்கு அனுப்புவார்.

அடுத்து, ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். இருபது அடி என்று சொல்கிறோமே தவிர, வடிகால் மூடியும் மின்கம்பமும் போக வண்டி ஓடும் அகலம் பல தெருக்களில் பதினெட்டைத் தாண்டாது. பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்து ஒரு கார் ஏறக்குறைய ஆறு அடியை எடுத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் மட்டும் கார்கள் நின்றால் பன்னிரண்டு அடி மிஞ்சும். தண்ணீர் லாரி போகலாம். இரு பக்கமும் நின்றால் ஆறு அடிதான். தீயணைப்பு வண்டியின் அகலமே எட்டு அடி. ஆக, உங்கள் இருவருக்குள் நடக்கும் சண்டை என்று தெரு நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் தெருவுக்கே உள்ள பிரச்சினை. குடியிருப்போர் நலச் சங்கம் இருந்தால் இந்தக் கணக்கை எழுதி, தெருவில் ஒரு பக்கம் மட்டும் நிறுத்த அனுமதிக்கும்படி போக்குவரத்துக் காவல்துறைக்கு மனு கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஒருவர் மனுவைவிட அதற்கு எடை அதிகம்.

அதே நாடாவால் வாசலின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். குறுகிய தெருவில் கார் நேராக வெளியே வராது, வளைந்துதான் வர வேண்டும். அதனால் வாசல் தூணிலிருந்து இரு பக்கமும் இரண்டு மூன்று அடி காலியாக இருந்தால்தான் ஒரே திருப்பத்தில் வெளியேற முடியும். அந்த இடம் வரை உங்கள் சொந்த மதிலில், பம்பர் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கோடு அடித்துவிடுங்கள். சாலையில் கோடு போடாதீர்கள். மதில் உங்களுடையது, அதில் என்ன வண்ணம் அடித்தாலும் யாரும் கேட்க முடியாது.

இப்போது பேச்சு. கார் எடுக்கும் அவசரத்தில், மாமனார் படியில் நிற்கும்போது பேசியது போதும். ஞாயிறு மாலை அவர் வீட்டுக்குப் போங்கள். முடிந்தால் தெருவில் இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரோடு போங்கள். "சார், மதிலோரம் தாராளமாக நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கோட்டுக்கு இப்பால் மட்டும் வர வேண்டாம். மாமனாருக்கு டயாலிசிஸ் உள்ள கிழமைகள் இவை, ஆறு மணிக்குக் கிளம்புகிறோம்" என்று சொல்லுங்கள். எப்படியும் சட்டப்படி உங்களால் தடுக்க முடியாத ஒன்றை விட்டுக்கொடுத்து, உங்களுக்கு வேண்டியதைக் கேட்கிறீர்கள். அவர் தெரு முன்னால் தோற்றதாகவும் ஆகாது. கைப்பேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். பேசியதை அன்றிரவே வாட்ஸ்அப்பில் நன்றியோடு எழுதி அனுப்பிவிடுங்கள். பின்னால் சாட்சிக்கு உதவும்.

கேட்கவில்லை என்றால் புகார். வாசல் மறைந்திருக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு படங்கள் எடுங்கள்: வாசல் முழுதும் காரும் சேர்ந்து தெரிய ஒன்று, எண் பலகை தெரிய ஒன்று. நேரம் பதிவாகட்டும். நான்கைந்து வெவ்வேறு நாள்களின் படங்கள் சேர்ந்ததும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். புகார் ஒரு பக்கம் போதும். வண்டி எண், நாள், நேரம், வாசல் மறைந்த அளவு, வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார் என்பது. அவர் உங்கள் அப்பனை இழுத்ததும், ஓராண்டு மனக்கசப்பும் அதில் வேண்டாம். கார் மறித்து நிற்கும் அந்த நேரத்தில் உதவி வேண்டுமானால் 100 அல்லது 112.

காவல்துறையால் என்ன செய்ய முடியும்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவில் முதல் முறைக்கு 500 ரூபாய், மீண்டும் செய்தால் 1,500 ரூபாய் அபராதம். 127-ஆவது பிரிவின்படி, நிறுத்தக் கூடாத இடத்தில் ஆளின்றி நிற்கும் வண்டியைச் சீருடையில் உள்ள காவலர் இழுத்துச்செல்ல உத்தரவிடலாம். பொது வழியை மறிப்பதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது வெறும் 200 ரூபாயாக இருந்தது. இரண்டு கார் வைத்திருப்பவருக்கு 500 ரூபாய் பெரிய தொகை அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் காவலர் வீடு தேடி வந்து அழைத்துப் பேசுவது பெரும்பாலானவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

பொறுமை எல்லை கடக்கும் நாளிலும் அவருடைய டயரில் காற்றைப் பிடுங்காதீர்கள், கீறல் போடாதீர்கள். அவர் காருக்குப் பின்னால் உங்கள் காரை ஒட்டி நிறுத்தி வெளியே விடாமல் செய்வதும் கூடாது. முதல் இரண்டும் சொத்துச் சேதம்; மூன்றாவது, ஒருவர் போவதைத் தடுத்தார் என்ற முறையற்ற தடுப்பு வழக்காகலாம். எல்லா வீட்டிலும் கேமரா இருக்கும் காலம் இது. புகார் கொடுத்தவரே குற்றம் சாட்டப்பட்டவராக நிற்பதை நான் காவல் நிலையங்களில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தரத் தடை உத்தரவு கேட்டு வழக்குப் போடலாம். வெல்லவும் வாய்ப்பு உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இருவரையும் அழைத்துப் பேசி, உடன்பாடு ஏற்பட்டால் மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்வார்கள். அந்த ஆணைக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலு உண்டு, மேல்முறையீடு கிடையாது. மஞ்சள் கோட்டின் அளவையும் காலை நேரத்தையும் அந்த ஆணையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

அவர் வீட்டில் வாகனம் நிறுத்த அனுமதி வாங்கிய தரைத்தளம் கடையாகவோ வாடகை அறையாகவோ மாறியிருக்கிறதா என்று சிலர் தோண்டச் சொல்வார்கள். மாறியிருந்தால் அது கட்டட விதிமீறல்தான், மாநகராட்சியில் புகார் கொடுக்கவும் முடியும். இன்றைய நிலையில் அதைத் தொட வேண்டாம் என்பேன். வாடகை வருமானத்தில் கைவைத்தால், காரைப் பற்றிப் பேசவே அவர் பிறகு உட்கார மாட்டார்.

ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள்: நாளையே அவர் காரைக் கோட்டுக்கு அப்பால் தள்ளி, மதிலை ஒட்டி ஒழுங்காக நிறுத்தத் தொடங்கினால், தெருவுக்கு வேறு தடை விதிக்கப்படாதவரை, அதன் மேல் உங்களுக்குப் புகார் இல்லை. சன்னலைத் திறந்தால் தினமும் அந்தக் கார் கண்ணில் படும். படட்டும்.