உரைத்திருத்தியில் சொல்லும் நிறமும்: சில கேள்விகள், பதில்கள்

பைத்தான் மொழியையும் அதனுடன் வரும், திரைச் சாளரங்களை உருவாக்க உதவும் டிகின்டர் நூலகத்தையும் கொண்டு சிறிய உரைத்திருத்தி எழுதிப் பழகுவோர் அனுப்பிய கேள்விகளுள், சொற்களை எப்படிச் சேமிப்பது, எப்படி நிறமிட்டுக் காட்டுவது என்பவை பற்றியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஒவ்வொரு சொல்லையும் ஓர் ஆப்ஜெக்டாக வைத்து, அதன் நிறத்தையும் அதற்குள்ளேயே சேமித்திருக்கிறேன். அடுத்தடுத்து இரண்டு இடைவெளிகள் வந்தால் ஒன்று காணாமல் போகிறது. கட்டமைப்பே தவறா?

ஆம், கட்டமைப்பைத்தான் மாற்ற வேண்டும். கோப்பில் இருப்பது குறியீடுகளின் தொடர்வரிசை மட்டுமே. இடைவெளியும் டேபும் வரிமுடிவும் அந்த வரிசையில் எழுத்துகளுக்குச் சமமான உறுப்பினர்கள். சொல் என்பது அந்த வரிசையைப் படித்து நாம் கண்டறிவது. அதைச் சேமிப்பின் அலகாக்கினால், பயனர் ஒரு சொல்லின் நடுவே இடைவெளி விடும்போது ஓர் ஆப்ஜெக்ட் இரண்டாகப் பிரிய வேண்டும், அதை அழிக்கும்போது இரண்டும் ஒன்றாக வேண்டும், ஒன்றான பின் யாருடைய நிறம் நிலைப்பது என்றும் முடிவு செய்ய வேண்டும்.

உரையை ஓரிடத்திலும் நிறத்தை வேறிடத்திலும் வையுங்கள். ‘3ஆம் வரியில் 4ஆம் இடம் முதல் 9ஆம் இடம் வரை: முக்கியச் சொல் (நிரல்மொழிக்குரிய சிறப்புச் சொல்)’ என்று இடமும் வகையும் மட்டும் பதிவானால் போதும், முக்கியச் சொல் நீலமா பச்சையா என்பதைத் திரையில் வரையும் பகுதி பார்த்துக்கொள்ளும். சால்வடோர் சான்ஃபிலிப்போ 2016இல் வெளியிட்ட கிலோ என்னும் திருத்தி, சி மொழியில் ஆயிரம் வரிகளுக்குள் எழுதப்பட்டது. இதைக் கற்க அதைவிடத் தெளிவான மாதிரி எனக்குத் தெரியாது. அதில் ஒவ்வொரு வரிக்கும் உள்ளபடியான உரை ஒன்று, டேபுகளை இடைவெளிகளாக விரித்த காட்சி உரை ஒன்று, அந்தக் காட்சி உரையின் ஒவ்வோர் இடத்துக்கும் உரிய வகையைச் சொல்லும் அணி (அர்ரே) ஒன்று என மூன்றும் தனித்தனியே இருக்கின்றன. கோப்பைச் சேமிக்கும்போது முதலாவது மட்டுமே வட்டுக்குப் போகிறது.

டிகின்டரில் உரையைக் காட்டவும் திருத்தவும் உதவும் கட்டமான டெக்ஸ்ட் விட்ஜெட்டில், உரையின் ஒரு பகுதிக்கு இடும் பெயரடையாளமான டேக் என்பதும் இதே ஏற்பாடுதான். அதில் வரி எண் 1இலிருந்தும் வரிக்குள் இடம் 0இலிருந்தும் தொடங்குவதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி: உரையை வரிகளின் லிஸ்டாக வைத்தால் போதுமா, அல்லது கேப் பஃபர் (தட்டச்சு செய்யும் இடத்தில் காலியிடம் விட்டு வைக்கும் நினைவகப் பகுதி), பீஸ் டேபிள் (உரைத் துண்டுகள் எங்கே உள்ளன என்பதன் பட்டியல்) போன்றவை தேவையா?

டெக்ஸ்ட் விட்ஜெட்டைப் பயன்படுத்தினால் எதுவும் தேவையில்லை. அது தானே உள்ளுக்குள் ஒரு மரக் கட்டமைப்பில் வரிகளை வைத்துக்கொள்கிறது. முழுவதையும் நீங்களே எழுதுவதானால் வரிகளின் லிஸ்டே போதும். ஈமேக்ஸ் கேப் பஃபரில் இயங்குகிறது. விஷுவல் ஸ்டூடியோ கோட் 2018 வரை வரிகளின் அணியைத்தான் வைத்திருந்தது, மிகப் பெரிய கோப்புகளில் நினைவகம் திணறியதால்தான் பீஸ் டேபிளுக்கு மாறியது. அந்தச் சிக்கல் உங்களுக்கு வரும்போது மாறிக்கொள்ளலாம்.

கேள்வி: ‘கட’ என்று தேடினால் ‘கடி’, ‘கட்டு’ ஆகிய சொற்களிலும் நிறம் விழுகிறது. முழுச்சொல்லை மட்டும் தேட ரெகுலர் எக்ஸ்பிரஷன் (தேடலுக்கான வடிவக் குறிப்பு) எழுதினால், ‘தமிழ்’ என்னும் சொல்லே உடைகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நல்ல திருத்திகள் பலவும் தமிழில் தடுமாறுவது இங்கேதான்.

‘தமிழ்’ நமக்கு 3 எழுத்து. யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள். யூடிஎஃப்-8 கோப்பில் 15 பைட். பைத்தான் அதன் நீளம் 5 என்றே சொல்லும். அவ்வாறே ‘கடி’ என்பது க, ட, இகரக் குறி. அதன் முதல் இரண்டு குறியீடுகள் ‘கட’வுடன் அப்படியே பொருந்துவதால் ‘டி’யின் பாதியில் நிறம் நின்றுவிடுகிறது. எனவே பொருத்தம் கிடைத்ததும் அதையடுத்த குறியீட்டைப் பாருங்கள். பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள கேட்டகரி செயற்கூறு அதற்கு ‘எம்’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் விடையைத் தந்தால், அது உயிர்க்குறியோ புள்ளியோ ஆகும். அந்தப் பொருத்தத்தைத் தள்ளிவிட வேண்டும். ‘கடல்’ தப்பாமல் கிடைக்கும், ‘கடி’யும் ‘கட்டு’ம் விலகும்.

அடுத்தது முழுச்சொல். ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கான பைத்தானின் ஆர்இ தொகுதி, சொல்லுக்குரியவை என்று எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கிறது. உயிர்க்குறியும் புள்ளியும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகவே ‘தமிழ்’ என்பது அதற்கு ‘தம’, ‘ழ’ என்னும் இரண்டு சொற்கள். ஜாவாஸ்கிரிப்டிலோ, வழக்கமாக ஆங்கில எழுத்துகள், 0 முதல் 9 வரையான எண்கள், அடிக்கோடு ஆகியவற்றைத் தவிர எதுவுமே சொல்லில் சேராது. அவற்றின் சொல்லெல்லைக் குறியை நம்பாமல், எழுத்தும் சேர்குறியும் (உயிர்க்குறி, புள்ளி) தொடர்ந்து வரும் நீட்சியே சொல் என்று நீங்களே வரையறுத்து, பொருத்தத்தின் இருபுறமும் அந்த நீட்சி முடிகிறதா என்று சோதியுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம், திரையில் வேறுபாடு தெரியாது, தேடல் மட்டும் தவறும். கோப்பைத் திறந்ததும், இப்படி இரண்டாக எழுதியதை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். ஆனால் அது கோப்பின் பைட்டுகளை மாற்றுவதாகையால் பயனரிடம் சொல்லிவிட்டுச் செய்வதே முறை. ‘கௌ’வை ஒற்றைக்கொம்புடன் ளகரம் சேர்த்து ‘கெள’ என்று தட்டச்சு செய்திருந்தாலோ என்எஃப்சி உதவாது, ஏனெனில் யூனிகோடின் பார்வையில் அவை வெவ்வேறு எழுத்துகள்.

‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ கிடைக்கவில்லை என்றும் சிலர் குறைப்படுகிறார்கள். அது இலக்கணப் பகுப்பாய்வியின் வேலை. சிறிய திருத்தி அதற்குள் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. ‘மர’ என்று தேடிக் கொள்ளலாம், ‘மரபு’ம் கூடவே வரும் என்பதை ஏற்றுக்கொண்டு.

கேள்வி: ஒவ்வொரு விசை அழுத்தத்துக்கும் முழுக் கோப்பையும் மீண்டும் நிறமிடுகிறேன், பெரிய கோப்பில் தட்டச்சு பின்தங்குகிறது. மாறிய வரியை மட்டும் நிறமிட்டால், பல வரி நீளும் கருத்துரைகள் (நிரலில் விளக்கத்துக்காக எழுதும் குறிப்புகள்) பிழையாகின்றன.

ஒவ்வொரு வரியுடனும் ‘இந்த வரி முடியும்போது கருத்துரை திறந்தே இருக்கிறதா’ என்னும் ஒரு குறிப்பைச் சேமியுங்கள். மாறிய வரியை, அதற்கு முந்தைய வரியின் குறிப்பிலிருந்து தொடங்கி நிறமிடுங்கள். முடிவில் அதன் குறிப்பு பழையதாகவே இருந்தால் வேலை முடிந்தது. மாறியிருந்தால் மட்டும் அடுத்த வரிக்குச் சென்று, குறிப்பு மாறாத வரி வரும் வரை தொடருங்கள். மேலே சொன்ன கிலோவும் இப்படித்தான் செய்கிறது. பெரும்பாலான விசை அழுத்தங்கள் ஒரே வரியில் முடிந்துவிடும். கருத்துரையைத் திறக்கும் குறியைத் தட்டும்போது மட்டுமே பாதிப்பு கீழே பரவும். பைத்தானில் மூன்று மேற்கோள் குறிகளுக்குள் பல வரிகளாக நீளும் சரங்களுக்கும் (ஸ்ட்ரிங்) இதே வழிதான், ஆனால் எந்த மேற்கோளில் திறந்தது என்பதையும் குறிப்பில் வைக்க வேண்டும்.

புதிய டேக்குகளை இடும் முன் அந்த வரியின் பழைய டேக்குகளை நீக்க மறவாதீர்கள். இருபுறமும் ஒரே டேக் உள்ள இடத்தில் நுழைக்கும் எழுத்து அந்த டேக்கைத் தானும் பெற்றுவிடுவதால், நீக்காவிட்டால் பழைய நிறம் தேங்கி நிற்கும்.

கேள்வி: தேடலில் மஞ்சளான சொல்லை மவுஸால் தேர்ந்தெடுத்தால், தேர்வின் நிறம் தெரிவதில்லை.

தேர்வும் ஒரு டேக்தான். அதன் பெயர் ‘செல்’. பின்னர் உருவாக்கப்படும் டேக்குகளுக்கு முன்னுரிமை கிடைப்பதால் உங்கள் மஞ்சள் அதை மறைக்கிறது. உங்கள் டேக்குகளையெல்லாம் உருவாக்கி முடித்தபின், டேக் ரெய்ஸ் கட்டளையால் ‘செல்’லை மேலே உயர்த்திவிடுங்கள்.