யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்குத் தீவிர ரசிகராக இருப்பதில் அப்படி என்னதான் இருக்கிறது?

பாட்டுக்காகத்தான் என்று சொன்னால் அது பாதிப் பொய். சமீப வருடங்களில் முப்பத்தைந்து நாடுகளுக்குக் குறையாமல் பாட்டு வருகிறது. அதில் திரும்பக் கேட்கத் தோன்றுவது ஐந்தாறு தேறினால் அதிகம். என்னைக் கட்டிப்போட்டிருப்பது இறுதிப் போட்டியின் கடைசிப் பகுதி, பாடியெல்லாம் முடித்துப் புள்ளிகளை அறிவிக்கும் நேரம்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: இது பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு மோதும் வருடாந்தரப் போட்டி. 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. ஒவ்வொரு நாடும் பத்துப் பாட்டுகளுக்கு 1 முதல் 8 வரையும், அப்புறம் 10, 12 என்றும் புள்ளி கொடுக்கும். சொந்த நாட்டுக்குப் போட முடியாது. 2016 முதல் ஒவ்வொரு நாட்டிலும் நடுவர் புள்ளி தனி, ஓட்டுப் போடும் மக்களின் புள்ளி தனி. அந்த முதல் வருடமே வேடிக்கைதான்: நடுவர்களிடம் ஆஸ்திரேலியா முதலிடம், மக்களிடம் ரஷ்யா முதலிடம், இரண்டிலும் இரண்டாவதாக வந்த உக்ரைன் ஜெயித்தது.

இப்போது மக்கள் புள்ளியை, நடுவர்களிடம் கடைசியாக வந்த நாட்டிலிருந்து தொடங்கி மேல் நோக்கி அறிவிக்கிறார்கள். முன்னிலையில் இருப்பவர் கடைசி வரை உட்கார்ந்து தவிக்க வேண்டும். 2023, லிவர்பூல். நடுவர்களிடம் 150 மட்டுமே வாங்கியிருந்த பின்லாந்துக்கு மக்கள் 376 கொடுத்தார்கள். மொத்தம் 526. ஸ்வீடனுக்காகப் பாடிய லோரீன் கையில் நடுவர்கள் கொடுத்த 340. தாண்ட 187 வேண்டும். இடையில் இத்தாலி, இஸ்ரேல் முடிந்து அவர் முறை வரும்வரை நானும் அந்த 187-ஐயே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வந்தது 243. எனக்குப் பிடித்தது பின்லாந்துதான், ஆனாலும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடு கிடையாது.

பூஜ்ஜியம் வாங்குபவர்கள் மீது எனக்குத் தனிப் பாசம் உண்டு. 2021-இல் பிரிட்டனுக்கு நடுவர்களும் பூஜ்ஜியம், மக்களும் பூஜ்ஜியம். பாடியவர் எழுந்து நின்று கையை உயர்த்த, அரங்கமே ஆரவாரம் செய்தது. போட்டியை நடத்திய நெதர்லாந்துக்கும் அன்று மக்களிடமிருந்து ஒன்றும் விழவில்லை!

“அண்டை நாட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்கிறார்கள், இதில் என்ன போட்டி?” என்று கேட்பார்கள். கிரீஸும் சைப்ரஸும் 12 புள்ளிகளை மாற்றிக்கொள்வது ரசிகர்களிடையே பழைய நகைச்சுவை. ஆனால் அது மட்டும் கோப்பை வாங்கித் தராது. எல்லையில் ஸ்பெயினைத் தவிர யாரும் இல்லாத போர்ச்சுகல், 2017-இல் போர்ச்சுகீசிய மொழியிலேயே பாடி 758 புள்ளியோடு ஜெயித்தது.

நெருடல் வேறு இடத்தில். அரசியல் கலக்காத மேடை என்று அமைப்பாளர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. 2022-இல் ரஷ்யாவை விலக்கினார்கள். இஸ்ரேல் பங்கேற்பதை எதிர்த்து ஸ்பெயின், அயர்லாந்து உள்ளிட்ட நாடுகள் 2026 போட்டியிலிருந்து விலகின. வெறும் பாட்டுதானே என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை, பார்ப்பதையும் விட முடியவில்லை.

2023 முதல், பங்கேற்காத நாடுகளில் இருப்பவர்களும் இணையத்தில் ஓட்டுப் போடலாம். உலகம் முழுவதிலிருந்தும் வரும் ஓட்டுகளைச் சேர்த்து ஒரே ஒரு நாடாகக் கணக்கிடுவார்கள், ஆக நம் ஓட்டு கடலில் கரைத்த பெருங்காயம்தான். போடாமல் இருந்ததில்லை.

புதிதாகப் பார்க்கப் போகிறீர்களா? அரையிறுதிகளிலிருந்தே தொடங்குங்கள். பாட்டெல்லாம் முடிந்ததும், நடுவர் புள்ளி வருவதற்கு முன், உங்கள் 12 யாருக்கு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.