மூன்று வருடத்தில் பி.ஏ. வாங்கிக்கொண்டு வெளியே வர முடியுமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சமூகவியலும் சட்டமும் சேர்ந்த ஐந்து வருடப் படிப்பில் சேர ஆசைப்படுகிறாள். அட்மிஷன் வாங்கித் தருவதாக வந்தவர், “பிடிக்காவிட்டால் மூன்று வருடத்தில் பி.ஏ. பட்டத்தோடு வந்துவிடலாம், வகுப்புக்கும் போக வேண்டியதில்லை” என்கிறார். நம்பலாமா?
- ஒரு தாய், ஏற்காடு

பதில்: நம்பாதீர்கள் அம்மா. இரண்டுமே பொய்.

பி.ஏ., எல்.எல்.பி. என்று பெயர் இரண்டாக இருந்தாலும் படிப்பு ஒன்றுதான். பத்து செமஸ்டரும் முடித்தால்தான் பட்டம். நடுவில் பிரித்து பி.ஏ. மட்டும் கொடுக்கக் கூடாது என்று, சட்டக் கல்வியை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. சேலத்தில் என் அலுவலகத்துக்கு ஒரு பையன் வந்தான். ஆறு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் மேசையில் வரிசையாக அடுக்கி வைத்து, “சார், பி.ஏ. சர்டிபிகேட் எங்கே வாங்கணும்?” என்றான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவனையும் ஒரு முகவர்தான் சேர்த்துவிட்டிருந்தார். நடுவில் பி.ஏ. கிடையாது என்ற இந்த ஒரு வரியை விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தில் தமிழில் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள்?

வகுப்புக்குப் போக வேண்டியதில்லை என்பதும் பொய்தான். வருகைப் பதிவு 70 சதவீதம் வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன.

மகளின் ஆசை நல்ல ஆசை. உங்கள் மலையையே பாருங்கள். சேர்வராயன் மலையில் வாழும், ‘மலையாளி’ என்ற பழங்குடி மக்களுக்கு (கேரளத்து மலையாளிகள் அல்ல) பழங்குடிச் சான்று உண்டு. ஈரோடு பர்கூர் மலையாளி மக்கள் அதற்காகவே போராடி வருகிறார்கள். பழங்குடியினர் பட்டியலில் ‘மலையாளி’ என்பதோடு சேலம் மாவட்டத்தின் பெயர் இருக்கிறது, ஈரோட்டின் பெயர் இல்லை. இந்த அநியாயம் புரிய சமூகவியல் வேண்டும், அதை வழக்காக்கச் சட்டம் வேண்டும்.

ஆனால் இந்தப் படிப்பில் சமூகவியலோடு அரசியல் அறிவியல், பொருளாதாரம் எல்லாம் கலந்துதான் வரும். தனியாகச் சமூகவியல் பட்டமும் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. சட்டம் படிக்கும்போது வேறு ரெகுலர் படிப்பில் சேரக் கூடாது என்பது விதி. ஆனால் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விக்கு விலக்கு உண்டு. அந்தத் தொலைநிலைப் படிப்புக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு தேர்வும் ஒரே தேதியில் வந்தால் யாரும் தள்ளி வைக்க மாட்டார்கள், அதையும் யோசியுங்கள். மாலை நேரக் கல்லூரி இந்த விலக்கில் வராது. “எல்லாம் ஒன்றுதான்” என்று முகவர் சொல்வார். ஒன்றல்ல.

சேலத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் உள்ள தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம்தான் விண்ணப்பம் வாங்குகிறது. இணையதளத்தில் நீங்களே போடலாம். பிளஸ் டூ மதிப்பெண், இட ஒதுக்கீடு இவற்றை வைத்துத்தான் இடம். இதில் முகவருக்கு வேலையே இல்லை. முன்பணம் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்று எதையாவது ஒரிஜினலாக அவரிடம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால் நாளைக் கடத்தாமல் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.