கானாப் பெண்கள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கானாவின் குமாசி நகரில் 9 வருடம் ஒரு மொத்தத் துணிக்கடைக்குக் கணக்கு எழுதினேன். வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். சந்தை பற்றியும் குடும்பம் பற்றியும் கேளுங்கள். மருத்துவம் எனக்குத் தெரியாது.

கேள்வி: அங்கே வம்சம் அம்மா வழியாமே சார். அப்போ பெண்ணாட்சிதானே?

இல்லை. முதலில், கானா ஒரே வீடு அல்ல. தாய்வழி என்பது அக்கான் மக்களிடம். அவர்கள் நாட்டில் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஏவே, டகோம்பா எல்லாம் தந்தைவழி.

அக்கானில் பிள்ளை அம்மாவின் குலத்தைச் சேரும். குலத்துக்கு அங்கே அபுசுவா என்று பெயர். ஒருவர் இறந்தால், மரபுப்படி அவர் சொத்து அவருடைய அபுசுவாவுக்குப் போகும். தம்பிக்கோ அக்கா மகனுக்கோ. மனைவியும் பிள்ளைகளும் வேறு அபுசுவா ஆயிற்றே! இருபது வருடம் கோக்கோ தோட்டத்தில் கூடவே உழைத்தவள் கருமாதி முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதைத் திருத்தத்தான் 1985இல் 111ஆம் எண் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் இறந்தால் ஒரு வீடும் வீட்டுச் சாமான்களும் மனைவி மக்களுக்கு. மிச்சத்தை 16 பங்கு போட்டால் பிள்ளைகளுக்கு 9, மனைவிக்கு 3, பெற்றோருக்கு 2, மரபு சொல்லும் வாரிசுகளுக்கு 2. ஆனால் குலச் சொத்தை இந்தச் சட்டம் தொடாது. தகராறே அங்கேதான். தோட்டம் அவர் சம்பாதித்ததா, மாமன் கொடுத்ததா? எழுத்தில் ஒன்றும் இருக்காது. எங்கள் கடைக்கு வரும் ஒரு அம்மா, வீடு கட்ட வாங்கிய சிமெண்ட் ரசீதுகளை பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். புருஷன் அப்போது நல்ல திடமாக இருந்தார்!

கேள்வி: நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மாதிரியா அண்ணா?

கணக்கு அதேதான்.

கேள்வி: ராணித்தாய் என்பது வெறும் அலங்காரப் பதவியா?

அக்கானில் ஒரு பிரிவான அசாந்தி மக்களிடம் அப்படி இல்லை. ஒஹேமா, அதாவது ராணித்தாய், ஊர்த் தலைவரின் மனைவி அல்ல. அம்மா, அக்கா, சித்தி என்று அதே குலத்துப் பெண். தலைவர் பதவி காலியானால் அடுத்தவர் பெயரை முன்மொழிவது அவர்தான். 1900இல் ஆங்கிலேயருக்கு எதிராகப் போரை நடத்திய யா அசாந்தேவா, எஜிசு ஊரின் ராணித்தாய். சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1921இல் அங்கேயே இறந்தார்.

கேள்வி: பெண்ணுறுப்புச் சிதைப்பு உண்டா?

1994 முதல் குற்றம். வடக்கில் சில பகுதிகளில் இன்னும் இருக்கிறது. உடல்நலக் கேள்விகளை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: சந்தை ராணிகள் என்று சொல்கிறார்களே, அவர்கள் சும்மா பதுக்கல்காரிகள். தக்காளி விலையை ஏற்றுவதே அவர்கள்தான்.

வாருங்கள், இதற்காகத்தான் காத்திருந்தேன். தக்காளிக்கு ஒருவர், யாம் என்ற கிழங்குக்கு ஒருவர், வெங்காயத்துக்கு ஒருவர் என்று ராணிகள் உண்டு. எத்தனை பெட்டி இறங்கலாம் என்று அவர் மட்டுப்படுத்துவது உண்மை. குளிர்கிடங்கு இல்லாத சந்தையில் பத்து லாரி ஒரே நாளில் வந்தால் சாயங்காலம் எல்லாம் குப்பை. வியாபாரிகளின் சண்டையைத் தீர்ப்பதும், அவர்கள் வீட்டுச் சாவுக்குப் பணம் திரட்டுவதும் அவர்தான். தெய்வம் என்று சொல்லவில்லை. கமிஷன் வாங்குகிறார், ஆள் பார்த்துச் சலுகையும் காட்டுகிறார்.

அதே நபர்: 1979இல் ராணுவ ஆட்சியாளர் ராவ்லிங்ஸ் தலைநகர் அக்ராவின் மகோலா சந்தையை இடித்தது சரிதான். விலை இறங்கியதே!

எத்தனை நாளைக்கு? சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டி, இருந்த சரக்கை அரசு விலைக்கு விற்க வைத்தார்கள். அது தீர்ந்த பிறகு நஷ்டத்துக்குச் சரக்குக் கொண்டுவர யாருக்குப் பைத்தியம்? இறக்குமதி உரிமம் கொடுத்தது அரசு, விலைக் கட்டுப்பாடு போட்டது அரசு, கானா நாணயமான சேடியின் மதிப்பைச் செயற்கையாக உயர்த்தி வைத்தது அரசு. அடி வாங்கியது கடைசிப் படியில் கூடை வைத்திருந்தவள். பெண்களை நடுத்தெருவில் ஆடையை உருவிச் சவுக்கால் அடித்தார்கள். 1924இல் கட்டிய சந்தை ஆகஸ்டில் தரைமட்டம். அந்த இடத்துக்கு இன்று ராவ்லிங்ஸ் பார்க் என்று பெயர். நான்கு வருடம் கழித்து, 1983இல், நாடே பட்டினி கிடந்தது. வறட்சி ஒரு பக்கம், நைஜீரியா திருப்பி அனுப்பிய லட்சக்கணக்கானவர்கள் இன்னொரு பக்கம். அப்போது பழிபோட மகோலா இல்லை.

அதே நபர்: உணர்ச்சிவசப்படுகிறீர்கள்.

ஆமாம். அடுத்த கேள்வி.

கேள்வி: தலையில் சுமை தூக்கும் சிறுமிகள் யார்?

காயாயெய். காயா என்றால் ஹவுசா மொழியில் சுமை. யெய் என்றால் கா மொழியில் பெண்கள். வடக்கில் மழை வருடத்துக்கு ஒரே பருவம். அறுவடை முடிந்தால் வேலை இல்லை. பாத்திரம் பண்டம் வாங்கிக் கல்யாணத்துக்குச் சேர்க்க அக்ராவுக்கும் குமாசிக்கும் பஸ் ஏறுகிறார்கள். இரவில் கடை வாசலிலேயே தூக்கம். எங்கள் துணி பேல்களை இறக்கியதும் அவர்கள்தான். கூலியை எங்கள் முதலாளி பேரம் பேசிக் குறைப்பார். நானும் அதைக் கணக்கில் எழுதினேன்.

கேள்வி: தாய்வழி நாடு, அப்போ நாடாளுமன்றத்தில் பெண்கள்தான் அதிகமா?

மறுபடியுமா? கானா ஒரே வீடு அல்ல. 2020 தேர்தலில் 275 இடங்களில் 40 பெண்கள். துணை அதிபராக ஒரு பெண், நானா ஜேன் ஓபோகு-அஜ்யெமாங், 2025 ஜனவரியில்தான் வந்தார்.

கேள்வி: வேலை விசா எப்படி வாங்குவது?

தூதரகம்.

கேள்வி: தாய்வழி என்றால் மாமியார் கொடுமை இருக்காதே சார்?

முதல் பதிலைப் படியுங்கள். சரி, இது கொஞ்சம் நல்ல கேள்வி. அசாந்தி ஊர்களில் கல்யாணமான பிறகும் அம்மா வீட்டிலேயே இருக்கும் பெண்கள் உண்டு. புருஷன் அவன் அம்மா வீட்டில். இவள் சமைத்ததைப் பொழுது சாயும் நேரம் பிள்ளைகள் தலையில் வைத்து, தெருத் தெருவாக அப்பாவிடம் கொண்டுபோவார்கள். குமாசி வாடகை வீடுகளில் அது குறைந்துவிட்டது.